ரேகை தேயாமல் இருக்க ஒரு யோசனை

என்ன அம்மாடி, நேத்து ராத்திரி ஒங்கம்மாகிட்ட போன்ல மூக்கால அழுதியாமே? விசா நீட்டிப்புக்கு மனு போட்டாச்சு, ரேகை வைக்கக் கூப்புடுவானோ மாட்டானோ, கூப்புட்டா எத்தினி மைல் போவணுமோ, போட்டோவுல மூஞ்சி எப்பிடி விழுமோன்னு ஒரே பொலம்பலாம். விடிகாலைல பால் ஊத்த வந்த ஒங்கம்மா சொசைட்டி வாசல்லயே நின்னு அம்புட்டையும் கொட்டிப்புட்டா. பால் அளக்கிறவனுக்கு இப்ப எச்-4 விசா பத்தி என்னைவிட நல்லாத் தெரியும். சாயங்காலத்துக்குள்ள ஸ்ரீமுஷ்ணம் சன்னதித் தெரு முழுக்க ஆளுக்கொரு யோசனை வச்சிருப்பாங்க. அவங்க முந்திக்கிறதுக்குள்ள பெரிய தாத்தன் முந்திக்கணும்னுதான் போனப் போட்டேன். அங்க இப்ப ராத்திரியா? இருக்கட்டும். தூக்கம் வரலன்னுதான சொன்ன.

ஒங்கப்பன் மூணு ஏக்கரு முந்திரித் தோப்புல பாதிய வித்து, சிதம்பரத்துல அண்ணாமலை யுனிவர்சிட்டில ஒன்ன எம்.சி.ஏ. படிக்க வச்சான். எதுக்கு? நம்ம வம்சத்துல கைநாட்டுன்னு யாரும் மிச்சம் இருக்கக் கூடாதுன்னு. ஒங்க கொள்ளுப்பாட்டன் கைநாட்டுதான். ஆனா ஒரு வெரலு. இடது கை கட்டவெரலு, அதுவும் கடன் வாங்குறப்ப மட்டும். நீ எம்.சி.ஏ. முடிச்சு பத்து வெரலும் வைக்கப் போற. படிக்கப் படிக்க வெரலு எண்ணிக்கை கூடுதுன்னு ஒங்கப்பனுக்கு யாரும் சொல்லாம வுட்டாங்க பாவம். சொல்லியிருந்தா தோப்பாவது மிஞ்சியிருக்கும்.

கோவிச்சுக்காத. ரேகை விசயத்துல எனக்குப் பேச உரிமை இருக்கு. முப்பது வருசம் பத்திரப் பதிவு ஆபீசுல பியூனா இருந்து ஊரான் வெரலுக்கு மை தடவுனவன் நான். நெலம் வாங்குறவன், விக்கிறவன், உயில் எழுத வந்து ஆபீசு வாசல்லயே இருமிக்கிட்டு உக்காந்திருந்தவன், எல்லாரு கட்டவெரலும் இந்தக் கையில புடிச்சதுதான். வெரல அமுக்கக் கூடாதும்மா, உருட்டணும். நகத்தோட இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் வரைக்கும் ஒரே உருட்டு. பயந்தவன் வெரல வெறச்சுக்குவான், ரேகை இழுவிப்போவும். அதனால மை வைக்கிற நேரம் பாத்து, “என்ன, பொண்ணுக்கு வரன் பாத்தாச்சா?”ன்னு கேப்பேன். ஆளு வரனப் பத்திப் பேச ஆரம்பிச்சதும் வெரலு தானாத் தளந்துரும். அப்ப உருட்டிருவேன். முடிஞ்சதும் மண்ணெண்ணெய்த் துணி. அந்த வாசனை இன்னும் என் மூக்குல இருக்கு.

இந்தக் கூத்த ஆரம்பிச்சதே நம்ம தேசத்துலதான், ஒங்க எம்.சி.ஏ.வுல சொல்லிக் குடுத்தாங்களா? 1858ல வங்காளத்துல ஜங்கிப்பூர்னு ஒரு ஊரு. அங்க வில்லியம் ஹெர்ஷல்னு ஒரு தொர, ரோடு போட சல்லி வாங்க ராஜ்யதர் கோனாய்ங்கிற காண்ட்ராக்டர்கிட்ட ஒப்பந்தம் எழுதுனாரு. எழுதி முடிச்சதும் கோனாய் கையப் புடிச்சு உள்ளங்கை முழுக்க மையத் தடவி, தாளோட பின்பக்கம் ஒரு அறை அறைய வச்சாரு. ரேகை ஆராய்ச்சிலாம் அப்ப கெடையாது. நாளைக்கு ‘இது என் கையெழுத்தே இல்ல’ன்னு காண்ட்ராக்டர் பல்டி அடிக்கக் கூடாதுன்னு ஒரு மெரட்டல், அம்புட்டுதான். ரோடு காண்ட்ராக்டர நம்பக் கூடாதுன்னு தொரைக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு. அப்பறம் 1897ல கல்கத்தாவுல கைரேகைக்குன்னே ஒரு பிரிவு தொறந்தாங்க. லட்சம் ரேகைக்கு நடுவுல ஒருத்தனோடத எப்பிடித் தேடி எடுக்கிறதுன்னு கணக்குப் போட்டவங்க அஜிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ்னு ரெண்டு வங்காளி சப்-இன்ஸ்பெக்டருங்க. முறைக்குப் பேரு என்னா? ஹென்றி முறை. எட்வர்ட் ஹென்றி அவங்களுக்கு மேலதிகாரி. வேலை செய்றவன் ஒருத்தன், பேரு வாங்குறவன் ஒருத்தன்ங்கிறத மாப்பிள்ளைகிட்ட சொல்லு, அவரு கம்பெனில ஒடனே வெளங்கும்.

சரி, ஒன் விசயத்துக்கு வர்றேன்.

மாப்பிள்ளைக்கு எச்-1பி. ஒனக்கு எச்-4. கொம்ப நட்டா கொடி ஏறும், கொம்பு எம்மாம் ஒசரமோ கொடியும் அம்மாந்தான். அவருக்கு மூணு வருசம் நீட்டுனா ஒனக்கும் மூணு வருசம், ஆனா ஒனக்குன்னு தனியா ஐ-539ன்னு ஒரு பாரம். சிதம்பரத்துக்காரனுக்கு அஞ்செழுத்து, நமக்கு எட்டெழுத்து, ஒனக்கு யூ.எஸ்.சி.ஐ.எஸ்.னு அமெரிக்காக்காரன் குடுத்த அஞ்செழுத்து. அத ஓதிக்கிட்டு இருக்க வேண்டியதுதான்.

2019 மார்ச்சுக்கு முந்தி இது ரொம்ப லேசா இருந்துச்சு. புருசனோட கம்பெனி கூடக் கொஞ்சம் காசு கட்டி அவசர வழியில மனு போட்டா பதினஞ்சு நாள்ல முடிவு. பொண்டாட்டி மனுவும் கூடவே இருந்தா அதையும் சேத்து முடிச்சுக் குடுத்துருவாங்க. 2019 மார்ச்சுல, மனு போடுற ஆளுக்கு ஆளு ரேகையும் போட்டோவும் கட்டாயம்னுட்டாங்க. தலைக்கு 85 டாலர். தலைன்னா எந்தத் தலையும். பல்லு மொளைக்காத கைக்கொழந்தைக்கும் 85 டாலர்தான். ஒன் பெரியப்பா மவ அப்பிடித்தான் எட்டு மாசப் புள்ளையத் தூக்கிக்கிட்டுப் போனா. போட்டோக்காரர் “இங்க பாரு, இங்க பாரு”ன்னு கிலுகிலுப்பை இல்லாம கையத் தட்டுனாராம். புள்ளை அவரப் பாக்காம அவரு கழுத்துல தொங்குன அடையாள அட்டையப் பாத்து எச்சி ஒழுக்குச்சாம். அந்த எச்சியோட எடுத்த போட்டோதான் அமெரிக்க சர்க்கார்ல இருக்கு.

இதுல வந்த வெனை என்னான்னா, புருசன் மனு பதினஞ்சு நாள்ல முடிஞ்சுது, பொண்டாட்டி மனு ரேகைக்காக மாசக்கணக்குல உக்காந்துச்சு. 2015 மே மாசத்துலேருந்து எச்-4காரங்கள்ல கொஞ்சம் பேருக்கு, புருசனோட பச்சை அட்டை மனு ஒரு கட்டம் தாண்டியிருந்தா, வேலை பாக்க அனுமதி உண்டுல்ல? விசா நீளலன்னா அந்த அனுமதியும் நீளாது. அப்பறம் கொரோனா வந்து ரேகை எடுக்கிற எடத்தையே பூட்டிட்டாங்க. வெரல வச்சிக்கிட்டு வேலைய வுட்டுட்டு ஒக்காந்த பொண்ணுங்க எத்தினியோ பேரு. கோர்ட்டுக்குப் போனாங்க. 2021 மே 17லேருந்து எச்-4க்கு ரேகை தேவையில்லன்னு ரெண்டு வருசத்துக்கு நிறுத்தி வச்சாங்க. அப்பறம் அத 2023 செப்டம்பர் கடைசி வரைக்கும் நீட்டுனாங்க. விசாவ நீட்டச் சொன்னா, அவங்க நிறுத்தத்த நீட்டுனாங்க. அதே 2023 ஜனவரில ஒரு வழக்குல சமரசமாயி, புருசன் மனுவையும் பொண்டாட்டி மனுவையும் ஒண்ணாப் போட்டா ஒண்ணாப் பாக்கிறோம்னு ரெண்டு வருசத்துக்கு ஒத்துக்கிட்டாங்க. புருசன் பொண்டாட்டிய ஒண்ணாப் பாக்க ஒரு கோர்ட்டு ஒப்பந்தம். நம்மூருல பஞ்சாயத்து பண்ணிச் சேத்து வைப்போமே, அதேதான்.

2023 அக்டோபர் 1லேருந்து ஐ-539க்கு ரேகைக் கட்டணமே கெடையாதுன்னுட்டாங்க. பெரும்பாலும் கூப்புடவும் மாட்டோம், வேணும்னு தோணுனா மட்டும் கடுதாசி வரும்னாங்க. இந்த ‘வேணும்னு தோணுனா’ இருக்கு பாரு, அதுதான் ஒன் தூக்கத்தக் கெடுக்குது. அதுலதான் என் யோசனையும் இருக்கு. பொறு, கடைசில சொல்றேன்.

போட்டோவுக்கு வருவோம். விசாவுக்குக் குடுக்கிற போட்டோன்னா ரெண்டு அங்குலத்துக்கு ரெண்டு அங்குலம், பின்னாடி வெள்ளை, ஆறு மாசத்துக்குள்ள எடுத்தது, மொகம் நேரா, ரெண்டு கண்ணும் தொறந்து, 2016 நவம்பர்லேருந்து கண்ணாடியும் கூடாது. ஒன் கல்யாண ஆல்பத்துலேருந்து மட்டும் எதையும் வெட்டி ஒட்டிராத. நம்ம ஸ்டுடியோக்காரன் ஒன்ன வெளுக்க வச்ச வெளுப்புல, பின்னாடி இருக்கிற வெள்ளை எது, நீ எதுன்னு அந்த ஆபீசருக்குத் தெரியாது. மாப்பிள்ளையும் அந்த ஆல்பத்துல தலை நெறைய முடியோட இருக்காரு. அதக் காட்டி ‘இவருதான் என் புருசன்’னு சொன்னா, வேற ஆளக் கூட்டியாந்திருக்கன்னு கேஸ் போட்டுருவான்.

மொகம் நேரா இருக்கணும்ங்கிற சட்டத்துல நம்ம பூவராகப் பெருமாளே தேற மாட்டாரு, யோசிச்சுப் பாத்தியா? ஒடம்பு மேற்கப் பாத்து நிக்கிது, மொகம் தெக்கால திரும்பியிருக்கு. “சார், கொஞ்சம் நேராப் பாருங்க”ன்னு எவன் சொல்றது? வெரலையாவது நீட்டுவாரான்னா, ரெண்டு கையையும் இடுப்புல வச்சிக்கிட்டு, ‘போடா, நான் குடுக்க மாட்டேன்’ங்கிற தோரணை. சாளக்கிராமத்துல ரேகை எடுக்கிற மெஷின் இன்னும் வரல. சரி போவட்டும், அவரு பொண்டாட்டி விசயத்துல என்னா பண்ணாரு? இரண்யாட்சன் பூமாதேவியக் கொண்டுபோயி கடலுக்கு அடியில வச்சான். நம்மாளு பாரம் நிரப்புனாரா? டோக்கன் போட்டாரா? பன்னி ரூபம் எடுத்தாரு, முங்குனாரு, கொம்புல தூக்கிக்கிட்டு வந்தாரு. அந்தக் காலத்துல குளம்பு ரேகை கேட்டிருந்தா இன்னிக்கி பூமியே கெடையாது. நீயும் நானும் போன் பேசிக்கிட்டு இருக்க மாட்டோம்.

மாசி மகத்துக்கு அவரே ஊரு வுட்டு ஊரு போறாருல்ல, கிள்ளைக்குக் கடலாட? வழியில தைக்கால்ல பாய்மாருங்க மாலை, பட்டோட நின்னு வரவேற்கிறாங்க. நீ சின்னப்புள்ளைல என் தோள் மேல ஒக்காந்து பாத்திருக்க. ‘நீங்க எந்த ஊரு, எத்தினி நாள் தங்குவீங்க, திரும்பிப் போறதுக்கு என்ன அத்தாச்சி’ன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. அதுக்காக நீ ஏர்போர்ட்டுல மாலை வரும்னு எதிர்பாக்காத.

எங்க கல்யாணத்துக்குப் போட்டோ கெடையாது, தெரியும்ல? சர்ட்டிபிகேட்டும் கெடையாது. 2009 நவம்பர்லதான் தமிழ்நாட்டுல எந்தக் கல்யாணமா இருந்தாலும் கட்டாயம் பதிவு பண்ணணும்னு சட்டம் நடப்புக்கு வந்துச்சு. நான் அதுக்கு ரொம்ப முந்தியே தாலி கட்டிட்டேன். ஊருல அத்தினி பேருக்கும் மை தடவுனவன் கல்யாணம் எந்தப் புஸ்தகத்துலயும் ஏறல. எனக்கும் ஒங்க ஆயாவுக்கும் மொத மொத ஜோடியா எடுத்த போட்டோ திருக்கடையூர்ல அறுபதாங் கல்யாணத்துல. அதுலயும் நான் கண்ண மூடியிருக்கேன். ஓமப்பொகைன்னு நான் சொல்றேன். தூக்கம்னு ஆயா சொல்றா. விசாவுக்கு அனுப்பியிருந்தா அன்னிக்கே திருப்பி அனுப்பியிருப்பான்.

அந்தத் தடவைதான் திருக்கடையூருக்குப் பக்கத்துல தில்லையாடிக்குப் போனோம். வள்ளியம்மை மண்டபத்தப் பாத்துட்டு வருவோம்னு. நீ சென்னைல எழும்பூர்ல கோ-ஆப்டெக்ஸ் கட்டடத்துல பேரு பாத்திருப்ப, தள்ளுபடிப் பொடவை எடுக்கப் போறப்ப. அந்தப் பொண்ணு கதைக்கும் ஒன் பாரத்துக்கும் சம்பந்தம் இருக்கு. சொல்றேன் கேளு, இத மட்டும் வெளையாட்டா எடுத்துக்காத.

1906ல தென்னாப்பிரிக்காவுல டிரான்ஸ்வால் சர்க்கார் ஒரு சட்டம் கொண்டாந்துச்சு. ஆசியாக்காரன் ஒவ்வொருத்தனும் பேரப் பதிஞ்சு பத்து வெரல் ரேகையும் குடுக்கணும். மொத நகல்ல பொம்பளைங்களையும் எட்டு வயசுக்கு மேல புள்ளைங்களையும் சேத்திருந்தாங்க. அப்பறந்தான் பொம்பளைங்கள வுட்டாங்க. பத்து வெரலும் குத்தவாளிகிட்ட கேக்கிறதுன்னு காந்தி ஹென்றி புஸ்தகத்தப் படிச்சுட்டுச் சொன்னாரு. நான் சொன்னேனே, அதே ஹென்றி. கல்கத்தாவுல ரெண்டு வங்காளி போட்ட கணக்கு கப்பலேறி ஜோகன்னஸ்பர்க்ல நம்மாளுங்க கழுத்துல விழுந்துச்சு. 1906 செப்டம்பர் 11ல எம்பயர் தியேட்டர்ல கூடி, ‘குடுக்க மாட்டோம்’னு சத்தியம் பண்ணாங்க. ஜெயிலுக்குப் போனாங்க. 1908 ஜனவரில அந்த சர்க்காரு மந்திரி ஸ்மட்ஸோட ஒரு சமரசம்: கட்டாயம் இல்ல, நாமளே இஷ்டப்பட்டுக் குடுப்போம், சட்டத்த எடுத்துருவாங்கன்னு. மொத ஆளாக் குடுக்கப் போன காந்திய, ‘பத்து வெரல் குடுக்காதன்னு நீதான சொன்ன’ன்னு மீர் ஆலம்ங்கிற பட்டாணி நடுரோட்டுல அடிச்சுப் போட்டான். அடிபட்டுப் படுத்த எடத்துலேருந்தே காந்தி ரேகையக் குடுத்தாரு. ஸ்மட்ஸ் சட்டத்த எடுக்கல. ஆகஸ்ட் மாசம் மசூதி வாசல்ல கொப்பரை வச்சு அத்தாச்சிங்கள எல்லாம் மொத்தமாக் கொளுத்துனாங்க. இதெல்லாம் வெரல் கதை.

பொண்டாட்டி கதை 1913ல. ஒருத்தரு இந்தியாவுலேருந்து சம்சாரத்தக் கூட்டியாந்தாரு. எறங்க விடல. கேப் கோர்ட்டுல சேர்ல்னு ஒரு ஜட்ஜு மார்ச் 14ல தீர்ப்பு சொன்னாரு: ஒண்ணுக்கு மேல கட்டிக்கலாம்னு இடம் குடுக்கிற மதத்துல நடந்த கல்யாணம் எங்க சட்டத்துல கல்யாணமே இல்ல. போச்சா? ஒரே நாள்ல அந்த தேசத்துல இருந்த இந்துப் பொம்பளை, முஸ்லிம் பொம்பளை அத்தினி பேரும் பொண்டாட்டி ஸ்தானத்துலேருந்து எறங்கிட்டாங்க. ‘அப்ப நான் உங்க சம்சாரம் இல்லையா?’ன்னு கஸ்தூரிபா கேட்டதா காந்தியே எழுதியிருக்காரு. அது வரைக்கும் ஆம்பளைங்கதான் ஜெயிலுக்குப் போனாங்க. இப்ப பொம்பளைங்க கெளம்புனாங்க, அதுல முக்காவாசி நம்ம தமிழ்ப் பொண்ணுங்க. டிரான்ஸ்வால்லேருந்து நியூகாசில் போயி, நிலக்கரிச் சுரங்கத்து ஆளுங்க முன்னால நின்னு பேசி வேலைய நிறுத்த வச்சாங்க. நெய்வேலி வாசல்ல ஒங்க ஆயா போயி நின்னு பேசுறத நெனச்சுப் பாரு. சுரங்கம் நின்னே போவும்.

வள்ளியம்மை ஜோகன்னஸ்பர்க்ல பொறந்தவ. அம்மா ஊரு தில்லையாடி. கல்யாணங் கூட ஆவாத, பதினாறு வயசு நெறையாத பொண்ணு, பொண்டாட்டிமாருக்காக ஜெயிலுக்குப் போனா. மூணு மாசம் கடுங்காவல். காச்சலோட வெளிய வந்தவ 1914 பிப்ரவரி 22ல செத்துப்போனா. அன்னிக்கித்தான் அவ பொறந்த நாளும். அதே வருசம் சட்டம் மாறுச்சு, கல்யாணத்த ஒத்துக்கிட்டாங்க. அதுல ஒரு வேடிக்கை பாரு: குடியிருப்பு அத்தாச்சியில கட்டவெரல் ரேகை இருந்து, அது ஆளோட பொருந்துனா போதும், உள்ள விடலாம்னு எழுதுனாங்க. பத்து வெரலுக்கு ஆரம்பிச்ச சண்டை ஒத்தக் கட்டவெரல்ல வந்து நின்னுச்சு.

நீ கேக்கலாம், இதுல எனக்கு என்ன தாத்தான்னு. ரேகை ஒண்ணத்தான் சொல்லும், நீ நீதான்னு. மாப்பிள்ளைக்கு நீ யாருன்னு அது சொல்லாது. அதுக்கு வேற தாளு. பத்திரம் பதியிறப்ப நான் பாக்காததா? வெரலு அச்சா விழுந்திருக்கும், நெலம் அவனோடதா இருக்காது. அதனால வெரலப் பத்திக் கவலப்படாத. சார் பதிவாளர் ஆபீசுல வாங்குன கல்யாணச் சர்ட்டிபிகேட்டு, மாப்பிள்ளையோட மனு ஏத்துக்கிட்ட தாளு, சம்பளச் சீட்டு, இதெல்லாம் ஒரு கவருல பத்திரமா இருக்கான்னு பாரு. மெட்ராஸ்ல மொதத் தடவை விசா வாங்குறப்பவே பத்து வெரலும் குடுத்தேனே, மறுபடி எதுக்குன்னு ஒங்கம்மாகிட்ட கேட்டியாமே. அது வேற எலாகா, இது வேற எலாகா. தாலுக்கா ஆபீசுல குடுத்த நகல, நாலு கட்டடம் தள்ளி இருக்கிற ரிஜிஸ்தர் ஆபீசுல மறுபடி கேக்கிறான்ல? அமெரிக்கா ரொம்ப முன்னேறுன நாடுதான். ஆனா ஆபீசுன்னா ஆபீசுதான்.

இப்ப யோசனைக்கு வர்றேன். மாப்பிள்ளை பக்கத்துல இருக்காரா? இல்லையே? சரி, ஸ்பீக்கர அமத்து.

ஒங்க ஆயா வெரலப் பாத்திருக்கியா? நாப்பது வருசம் முந்திரி ஒடைச்ச கை. வறுத்த கொட்டையக் கல்லு மேல நிறுத்தி, கட்டையால ஒரே தட்டு. பருப்பு முழுசா வரணும், பொளந்தா வெலை பாதி. கையில சாம்பலப் பூசிக்குவா. பூசியும் என்னா? தோட்டுல இருக்கிற எண்ணெய் பட்டுப் பட்டு மொதல்ல கறுக்கும், அப்பறம் தோலு உரியும், உரிஞ்ச எடத்துல புதுத் தோலு வர்றதுக்குள்ள மறுபடி எண்ணெய். இப்ப அவ கட்டவெரலு கூழாங்கல்லு மாதிரி வழவழன்னு இருக்கும். ரேசன் கடையில மெஷினுல வச்சா, மெஷினு ‘இப்பிடி ஒரு ஆளே இல்ல’ங்குது. 2020லேருந்து கார்டோட ரேகையும் கேக்கிறாங்கல்ல. கட்டவெரலு, ஆள்காட்டி, நடுவெரலு, எல்லாத்தையும் முந்தானைல தொடைச்சு தொடைச்சு வைப்பா. தலைல தேய்ச்சு கொஞ்சம் எண்ணெய்ப் பசையோட வைன்னு வரிசைல நிக்கிற பொம்பளைங்க யோசனை சொல்லுவாங்க, அவங்களுக்கும் அதே வெரல்தான். கடைசில கண்ணக் காட்டு ஆயான்னு கருவிழி மெஷின எடுப்பாரு விற்பனையாளரு. கண்ண அகல விரிச்சுக்கிட்டு இவ நிக்கிறதப் பாத்தா, மெஷினே பயந்துக்கிட்டு அரிசி போட்ரும்.

போன மாசம் அவளுக்கு முட்டி வலின்னு நான் போனேன். ஒரே அமுக்கு, பச்சை லைட்டு, அரிசி வந்துருச்சு. பெருமையா வீட்டுக்கு வந்து சொன்னேன், ‘பாத்தியா, என் வெரலு இன்னும் எப்பிடி இருக்கு’ன்னு. அடுப்பாங்கரைலேருந்தே சொன்னா: “வேலை செஞ்சிருந்தா தேஞ்சிருக்கும்.”

அன்னிக்கித்தான் அம்மாடி, எனக்கு ஒன் ஞாபகம் வந்துச்சு. பாத்திரம் தேய்க்கிற சோப்புல, கறை எடுக்கிற பவுடர்ல, வெந்நீர்ல நாளுக்கு மூணு வேளை கைய வுட்டா ரேகை காஞ்சு வெடிச்சுப்போவும். இது என் கற்பனை இல்ல, மை தடவுன அனுபவம். வீட்டு வேலை செய்ற பொம்பளைங்க ரேகைய எடுக்க எப்பவும் ரெண்டு தாளு வீணாப் போவும். ரேகை தெளிவா விழலன்னா அங்க மறுபடி கூப்புடுவாங்க. மறுபடி லீவு, மறுபடி காரு, மறுபடி வரிசை. அதனால மாப்பிள்ளைகிட்ட மொகத்தச் சாதாரணமா வச்சிக்கிட்டு சொல்லு: “எந்த நேரமும் கடுதாசி வரலாம், அது வரைக்கும் வெரலப் பாதுகாக்கணும்னு ஊருல பத்திரப்பதிவு அனுபவஸ்தரு சொல்லியிருக்காரு.” பாத்திரம் மட்டும்னு நிறுத்திராத. வெங்காயம் உரிக்கிறது, பூண்டு உரிக்கிறது, குக்கரு அடிப்பிடிச்சத சொரண்டுறது, எல்லாமே ரேகைக்கு ஆவாது. காப்பி மட்டும் நீ போட்டுக் குடு. ஒண்ணுமே செய்யலன்னா சந்தேகம் வரும்.

என்னாது? பாத்திரம் கழுவுற மெஷின் இருக்கா? அதுல அடுக்கி வைக்கிறது யாரு? அப்பறம் என்னா. அதயும் சேத்துக்க.

அவரு கம்ப்யூட்டர்ல தட்டிப் பாத்துட்டு, ‘2023லேருந்து பெரும்பாலும் கூப்புடுறதில்லையே’ம்பாரு. ஆமான்னு ஒத்துக்க. ‘பெரும்பாலும்தான், வேணும்னா கூப்புடுவாங்களாம், நீங்களே படிச்சுப் பாருங்க’ன்னு அந்த வரிய அவரு மூஞ்சிக்கு நேராக் காட்டு. கம்ப்யூட்டர்காரன் நிச்சயமா இல்லன்னு தெரிஞ்சா தைரியமா இருப்பான். வந்தாலும் வரும்னா ராத்திரி தூங்க மாட்டான். அந்த வரிய எழுதுன ஆபீசர் மவராசன், ஒனக்குன்னே எழுதியிருக்கான்.

கடுதாசி வரவே இல்ல, விசா நீண்டே வந்துருச்சுன்னு வையி. அந்தக் கவர நீதான் மொதல்ல பிரிப்ப. பிரிச்சு, துணிமணிக்கு அடியில வச்சுரு. ரொம்ப நாளு வேணாம். ஒரு ரெண்டு மாசம். மூணு வருசத்துல ரெண்டு மாசம் போனா என்னா கொறஞ்சுபோச்சு?

சிரிக்கிறியா? ம். இதுக்குத்தான் போன் போட்டேன். அழுத கண்ணோட போட்டோ எடுத்தா ரெண்டு கண்ணும் ஒண்ணாத் தெரியாது.

இரு இரு, ஆயா என்னமோ கேக்கிறா. ஆமாண்டி, பேத்திதான். இல்லடி, பாத்திரத்தப் பத்தி ஒண்ணும் பேசல. பெருமாளப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தேன், வள்ளியம்மை கதை சொன்னேன்... எல்லாத்தையும் கேட்டியா? எப்பலேருந்து?

அம்மாடி, போன வச்சிரட்டா? ஒங்க ஆயா திண்ணைல ஒரு மூட்டை கொட்டையும் கல்லும் கொண்டாந்து வச்சிட்டா. கட்டைய என் கையில குடுக்கிறா. சாம்பலு கேட்டேன், தர மாட்டேங்கிறா.